சுன்னிவாவுக்கு ஒற்றைப் புள்ளி

பகடை சமையலறை மேசையில் உருண்டோடி, காபிக் கோப்பையில் முட்டி நின்றது. ஒற்றைப் புள்ளி.

யோஸ்டைனின் முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. மடிக்கணினியில் 'சுன்னிவா' என்ற பெயருக்கு நேரே ஒன்று என்று தட்டினான். பன்னிரண்டு இசைத்தட்டுகளும் முடிந்தன. இந்தப் பன்னிரண்டாவதன் கண்ணாடித்தாள் உறைகூட இன்னும் கிழிபடவில்லை.

நார்வேப் பத்திரிகைகளில் விமர்சனத்துக்கு மார்க் கிடையாது, பகடைப் படம்தான். ஆறு விழுந்தால் அமோகம், ஒன்று விழுந்தால் அதோகதி. விழுந்தால் என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் யாரும் உருட்டுவதில்லை, யோஸ்டைனைத் தவிர.

அவனும் முன்பு அப்படி இருந்ததில்லை. பெரிய கம்பெனிகள் சீண்டாத, தாங்களே பதிவுசெய்து வெளியிடுகிறவர்களின் கிறிஸ்துமஸ் இசையைத் தேடிப் பிடித்து எழுதுவான். ஏதோ ஒரு தீவின் சர்ச் பாடகர் குழு, மீன் ஆலைக்காரர்களின் ஜாஸ், மலையோரத்து நாட்டுப்புறப் பிடில் என்று எதையும் விடமாட்டான். டிசம்பர் வந்தால் பெர்கனில் அவன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் உண்டு.

மார்ச்சில் அவன் மனைவி தோரா இறந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. அதற்குப் பிறகு, ஆர்கனோ சாக்ஸபோனோ, எதைப் போட்டாலும் அவன் காதுக்குக் குளிர்பெட்டி ஓடுகிற சத்தம் மாதிரிதான் இருந்தது.

பகடையின் ஆறு முகத்துக்கும் ஆறு வாக்கியம் எழுதி வைத்துக்கொண்டான். எந்த எண் விழுகிறதோ அதற்குரிய வாக்கியம். கூடவே அட்டையின் பின்பக்கத்திலிருந்து இரண்டு வரி. வேலை முடிந்தது.

பட்டியல் வெள்ளிக்கிழமை வெளியானது. திங்கட்கிழமை காலை ஆசிரியர் குன்வோர் அவன் மேசைக்கு வந்து பத்திரிகையைப் போட்டாள்.

"என்னப்பா இது? சுன்னிவாவுக்கு ஒன்னு போட்டிருக்கே!"

"ஒன்னுதான் விழுந்துச்சு."

"பெரிய ஜோக்கு. மத்த பத்திரிகைக்காரங்க எல்லாம் ஆறு ஆறா அள்ளிக் கொடுத்திருக்காங்க. புருஷனைப் புதைச்ச ரெண்டாவது வாரமே ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடினவ அவ. அந்தக் கதையைப் பக்கம் பக்கமா எழுதி ஊரையே அழ வெச்சிருக்காங்க. நீ மட்டும் எந்த உலகத்துல இருக்கே?"

யோஸ்டைனுக்கு அந்தக் கதை தெரியாது. அட்டையின் பின்பக்கத்தில் அது இல்லை.

"பதினொரு மணிக்கு அவ இங்க வரா. உன்னைத்தான் பார்க்கணுமாம். எந்தப் பாட்டு, எந்த இடம், ஏன் பிடிக்கலைன்னு நேரா அவகிட்ட சொல்லு. சொல்ல முடியலைன்னா நீ கேட்கவே இல்லைன்னு அர்த்தம். அப்புறம் இந்தப் பக்கத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

"சரி."

"சரியா? வேலை போயிடும்ங்கறேன், சரிங்கறே! தோரா போனதுலேருந்து நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன் யோஸ்டைன். எத்தனை நாளைக்கு இருக்க முடியும், சொல்லு?"

காலையில் அவனைப் படுக்கையிலிருந்து கிளப்புவது அந்த ஒரு பக்கம்தான். அதுவும் போய்விட்டால் போர்வையை விலக்க ஒரு காரணமும் இல்லை.

மணி பத்தே கால். பையிலிருந்த சுன்னிவாவின் இசைத்தட்டை எடுத்து, கண்ணாடித்தாளைக் கிழித்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். முதலில் பிடிலோடு ஒரு தாலாட்டு. அப்புறம் ஆர்கனோடு ஒரு துதி. மூன்றாவது, பியானோவோடு மெதுவான ஜாஸ்.

குரல் எங்கும் பிசகவில்லை. சுருதி விலகவில்லை. அவன் மனம்தான் அசையவில்லை. தன் காதைத்தான் நொந்துகொண்டான்.

பதினொரு மணிக்குச் சுன்னிவா வந்தாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள். குன்வோர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"யோஸ்டைன் நீங்கதானே?"

"ஆமாம்."

அவள் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தாள். "'எல்லாம் சரியாக இருக்கிறது, பாடுகிறவர்தான் அங்கே இல்லை.' இதை எழுதினது நீங்கதானா?" ஒற்றைப் புள்ளிக்கென்று அவன் எழுதி வைத்திருந்த வாக்கியம் அது.

"மன்னிச்சுக்குங்க. உங்க கணவர் இறந்தது எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருக்காதுன்னுதான் நானும் நினைச்சேன்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவன் வாயைத் திறந்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நான் முடிச்சுடறேன். அன்னிக்கு ஸ்டுடியோவுல எனக்கு ஒன்னுமே தோணலை. அழுகையும் வரலை, பாட்டும் வரலை. வாய் மட்டும் அசைஞ்சுது. முடிச்சுட்டு நிமிர்ந்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் அழுதுக்கிட்டு நிக்கறாங்க. அப்புறம் பத்திரிகை பத்திரிகையா ஆறு விழுது, உருக்கிட்டா உருக்கிட்டான்னு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்போல ஆயிடுச்சு."

குன்வோரின் கட்டிய கைகள் கீழே இறங்கின. யோஸ்டைன் வாயை மூடிக்கொண்டான்.

சுன்னிவா எழுந்து, மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

"இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தாங்க பாட்டைக் கேட்டிருக்கீங்க."