விடுப்பு அளிக்கப்பட்டது

மூன்றாம் வகுப்புக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறேன் என்று இன்னமும் சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகள் எழுத்துப்பலகையில் எதைக் கிறுக்கினாலும் பலகையே அதைத் திருத்தி, கோர்வையாக்கி எனக்கு அனுப்பிவிடும். காலையில் பத்துப் பன்னிரண்டு விடுப்புக் கடிதங்களாவது காத்திருக்கும். எல்லாம் ஒரே அச்சு. நான் படிப்பதை விட்டு வருஷமாகிறது. கட்டைவிரலை வைத்தால் 'விடுப்பு அளிக்கப்பட்டது' என்று பதில் போய்விடும்.

இதழினிக்கும் மூன்று நாள் அப்படித்தான் வைத்தேன். தாயாருக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால் என்று முதல் வரி மட்டும் கண்ணில் பட்டது.

இன்று தலைகூட வாராமல் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மாவுக்குத் தேவலையா?" என்றேன், நாற்காலியை விட்டு எழாமல்.

"நீங்க ஏன் டீச்சர் வரவே இல்ல?"

"நான் எதுக்கும்மா வரணும்?"

"அம்மாவுக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல, வீட்ல வேற யாருமில்ல, நீங்க வாங்கன்னு தெனமும் எழுதுனேனே. இன்னைக்கு எழுப்புனா பேசவே மாட்டேங்கிறாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓடிக்கொண்டே, இதழினி வீட்டுக்கு உடனே ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லி, தலைமையாசிரியருக்கு என் பலகையில் எழுதினேன்.

பள்ளி கேட்டைத் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. நான் எழுதியது 'அவசர சொந்த வேலை காரணமாக' என்று திருத்தமாகப் போயிருந்தது. அதன் கீழே அவர் கட்டைவிரல் வைத்திருந்தார்: 'விடுப்பு அளிக்கப்பட்டது'.

இதழினி எட்டிப் பார்த்தாள்.

"எனக்கும் இதேதான் டீச்சர் வந்துச்சு."