அம்மாக்கள் சமையல்கட்டுக்கு

பொன்னுத்தாய் கேட்டைத் தாண்டியதும், காப்பகத்தை நடத்தும் இராஜாங்கம் சார் வேகமாக எதிரே வந்தார்.

"உள்ள வெள்ளைக்கார அம்மா இருக்காங்க. பின்பக்கமா போங்க."

அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காப்பகத்தில் வெளிநாட்டு விருந்தாளிகள் இருக்கும்போது பிள்ளையைப் பார்க்க வரும் அப்பாக்கள் தோட்டத்துக்கு. அம்மாக்கள் சமையல்கட்டுக்கு.

விருந்தாளிகளுக்குத் தெரிந்தவரை, இங்கே இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் யாரும் கிடையாது.

சமையல்கார அனீஸா அரிவாள்மனையை எடுத்து வைத்தாள்.

"வா புள்ள. வெங்காயம் உரிக்க இன்னிக்கு ஒரு அம்மாவையும் காணோமேன்னு இருந்தேன். இந்த வெள்ளைக்காரங்க வருஷம் பூரா இருந்தா நான் கரண்டியே புடிக்க வேணாம்."

"கூட்டிட்டுப் போக வந்திருக்கேங்க்கா."

அனீஸாவின் சிரிப்பு நின்றது.

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"வீடு கட்டி முடிச்சாச்சு. வீடு முடிஞ்சா வந்து கூட்டிட்டுப் போங்கன்னு அவருதானே சொன்னாரு?"

புயலில் கூரை பறந்த வருஷம் மகளை இங்கே விட்டுவிட்டுப் போனது. இப்போது தளம் போட்ட வீடு. மன்னார்குடியில் பஸ் ஏறும் முன்பே மகளுக்கு ஒரு சுடிதார் எடுத்திருந்தாள். வந்து பார்த்துப் பல மாதம் ஆகிவிட்டதால் அளவு தெரியவில்லை. கடைக்காரரிடம் தன் தோளைத் தொட்டுக் காட்டி, இவ்வளவு உயரம் இருப்பாள் என்றிருந்தாள்.

வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினாள். விருந்தாளி கிளம்பட்டும். அதுவரை பொறுக்கலாம்.

கூடத்தில் பிள்ளைகளின் பாட்டு முடிந்தது. வெள்ளைக்காரப் பெண் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

மார்த்தா. ஊர் சுற்ற வந்தவள். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க வந்து, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன் என்று இங்கேயே தங்கிவிட்டாள். சின்ன வயசு. கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுடர்விழி.

தோளைத் தாண்டி வளர்ந்திருந்தாள்.

"வணக்கம், சமையல் அக்கா," என்றாள் மகள்.

பொன்னுத்தாய் தலையை அசைத்தாள். இதுவும் பழகியதுதான். அவர்கள் இருக்கும்போது அக்கா. போன பிறகு அம்மா.

மார்த்தா ஏதோ சொன்னாள். சுடர்விழி தமிழில் சொன்னாள்.

"நாளைக்கு நாங்க கெளம்புறோம். அதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போக வந்திருக்காங்க."

"நாங்கன்னா?"

"நானும் மார்த்தா அக்காவும். முதல்ல மெட்ராஸ். அப்புறம் பிளேன்ல அவங்க ஊருக்கு. யாரும் இல்லாத பொண்ணு ஒண்ண அங்க வச்சுப் படிக்க வைக்கப் போறாங்க. சார் என்னைச் சொல்லிட்டாரு." அவள் குரல் ஏறியது. "அங்க பனி கொட்டுமாம்."

பொன்னுத்தாயின் கை நின்றது.

போன வருஷம் வேறொரு விருந்தாளியோடு ஒரு பிள்ளை போனது. அதன் தாயும் இதே இடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள்தான். அந்தப் பிள்ளையிடமிருந்து இன்னும் ஒரு ஃபோன் வரவில்லை. அந்தத் தாயும் இப்போது வருவதில்லை.

மார்த்தா குனிந்து, பொன்னுத்தாயின் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கான்னு கேக்குறாங்க."

பொன்னுத்தாய் எழுந்தாள். மடியிலிருந்த தோல் தரையெல்லாம் சிதறியது.

"இருக்குன்னு சொல்லு. அது நீதான்னு சொல்லு. ஒன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்னு சொல்லு."

அடுப்பில் அண்டாவில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

சுடர்விழி மார்த்தாவைப் பார்க்கவில்லை. அனீஸாவைப் பார்த்தாள். அனீஸா அண்டாவைப் பார்த்தாள்.

பிறகு சுடர்விழி இங்கிலீஷில் சொன்னாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி.

மார்த்தா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் நிறைந்தன. பொன்னுத்தாயை இழுத்து அணைத்தாள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் மேல் சோப்பு வாசனை அடித்தது. விடவேயில்லை.

இந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பெற்றவளும் எங்கோ இருப்பாள்தானே என்று பொன்னுத்தாய் நினைத்தாள். ஈரக் கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மார்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுடர்விழியின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. துணிமணியை எடுக்கப் போகிறாள் போலும்.

"வெள்ளைக்காரம்மாவுக்கு நல்ல மனசுக்கா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல பாருங்க."

அனீஸா அடுப்பைத் தணித்தாள். குவைத்தில் ஓர் இங்கிலீஷ்காரர் வீட்டில் பல வருஷம் சமைத்தவள். அந்தப் பாஷை பேச வராது. கேட்டால் புரியும்.

"நீ சொன்னத அந்தப் புள்ள சொல்லல, பொன்னு."

பொன்னுத்தாய் அவளைப் பார்த்தாள்.

"ஒனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சாம். செத்துப்போச்சாம். அதுலேருந்து ஒனக்குப் புத்தி சரியில்லையாம். எந்தப் புள்ளையப் பாத்தாலும் என் பொண்ணு, வா வீட்டுக்குன்னு கூப்புடுவியாம்."

கூடத்தில் மறுபடியும் பாட்டு தொடங்கியது. எல்லாக் குரல்களுக்கும் மேலே சுடர்விழியின் குரல் தனியாகக் கேட்டது.

பொன்னுத்தாய் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படிச் செத்துச்சாம்?" என்றாள்.