ரெட்டைச் சடை நிரல்

தாயில்லாத மகளுக்குத் தலை பின்னுவது செழியனுக்குப் பெரும்பாடு. இன்றும் ரெட்டைச் சடை வராவிட்டால் நாளை கிராப்புதான் என்று சொல்லிவிட்டான். நறுமுகை விடவில்லை. பொம்மை ரோபோவைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதற்குப் படிப்படியாக நிரல் சொன்னாள்.

"முடியை மூணாப் பிரி. வலதை நடுவுல போடு, இடதை நடுவுல போடு. இதையே திரும்பத் திரும்பச் செய்."

ரோபோவின் குட்டி விரல்கள் பறந்தன. ஒரு சடை முடிந்தது. அடுத்ததும் முடிந்தது!

"அப்பா, ஜெயிச்சிட்டேன்! கிராப்பு கிடையாது!"

பார்க்கக் குனிந்தான். ரோபோ அவன் தாடியைப் பிடித்து மூன்றாகப் பிரித்தது.

"ஐயையோ, எப்ப நிறுத்தணும்னு நான் சொல்லவே இல்லியே!" கலகலவெனச் சிரித்தாள். "நீ நிறுத்தச் சொல்லுப்பா!"

மனைவி இறந்த நாளிலிருந்து மழிக்காத தாடி. செழியன் முகத்தை இன்னும் நீட்டிக்கொடுத்து, "ரிப்பன் மிச்சமிருக்காடி?" என்றான்.