மொட்டுத் திருடன்

“இன்னைக்கும் அஞ்சு மொட்டக் காணோம்!” என்று கத்தினார் சுருளிவேல்.

போடிமெட்டிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்து வேலியோரம் அவர் வரிசையாக நட்ட டெய்சிச் செடிகள், வருஷா வருஷம் ஆவணியில் பூக்க வேண்டியவை. இது இரண்டாவது ஆவணி. ஒரு பூவைக்கூட அவர் பார்க்கவில்லை.

“ஆடு மேஞ்சிருக்கும்,” என்றாள் மனைவி சந்திரவல்லி.

“ஆடு செடியோட திங்கும். இது நகத்தால கிள்ளினது. முப்பது வருஷம் ஏலக்காய் ஸ்டோர்ல காய்க்குக் காம்பு கிள்ளி ரிட்டையரானவன், எனக்குத் தெரியாதா? நல்லாப் பழகின கை!”

அடுத்த வீட்டு குத்புதீன் மேல்தான் அவருக்குச் சந்தேகம். பாய் வீட்டு ரோஜாவுக்குப் போட்டி வந்துவிடுமே! தினமும் காலையில் வேலியோரம் நடந்தபடி, போனில் மைத்துனரிடம் இதையேதான் புலம்புவார். இன்று நேரிலேயே போய்க் கேட்டுவிட்டார். தடுக்கப் பார்த்த சந்திரவல்லியும் பின்னாலேயே வந்தாள்.

குத்புதீன் கோபப்படவில்லை. “எங்க வாசல் கேமராவுல ஒங்க வேலியும் தெரியும்ணே. திருடன நீங்களே பாருங்க,” என்று செல்போனை நீட்டினார்.

திரையில் காலை ஏழு மணி. போனை இடது காதில் வைத்தபடி ஒருவர் செடிகளை ஒட்டி நடந்து வருகிறார். வலது கை அது பாட்டுக்கு ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறது. குரலும் தெளிவாகக் கேட்டது: “அந்தக் களவாணி மட்டும் என் கையில சிக்கட்டும் மாப்ளே...”

சந்திரவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுருளிவேல் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் ரிட்டையரான விஷயத்த இதுக்கு யாருமே சொல்லல போல, பாய்!”