கம்பளிக்கு வெளியே ஒரு விரல்

கடைசி முகாமில் மருத்துவர் கூடாரம் கூடாரமாக வந்து, யாத்திரிகர்களின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார். எழுபதுக்குக் கீழே காட்டினால் கணவனும் மனைவியும் சேர்ந்தே மலையிறங்க வேண்டும். அம்பலவாணனுக்குக் காலையிலிருந்தே மூச்சு இளைத்தது.

"இருபது வருஷமாக் காத்துக்கெடந்து வந்திருக்கேன். உங்க இளைப்புக்காகத் திரும்ப முடியாதுங்க. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்ற கோமதி, வளையல்களைக் கழற்றிவிட்டு அவருடைய கம்பளிக்குள் கையை நுழைத்தாள்.

"ஐயா, விரல்" என்றார் மருத்துவர். குளிருக்கு அஞ்சி எல்லோரும் செய்வதுபோல், கம்பளியின் ஓரத்தில் ஒரு விரல் மட்டும் வெளிவந்தது. கோமதியின் விரல்.

கருவியைத் துடைத்து இரண்டாம் முறையும் மாட்டினார். "ஐம்பத்தேழு! இவ்வளவு நேரம் எப்படிய்யா சொல்லாம இருந்தீங்க?"

முகாமில் இருந்த ஒரே சிலிண்டரின் முகமூடி அம்பலவாணன் முகத்தில் இறுகியது. அவர் மனைவியைச் சுட்டிச் சுட்டிக் கையை ஆட்டினார்.

"அம்மாவும் கூடத்தான் வருவாங்க, பயப்படாதீங்க" என்றார் மருத்துவர், சிலிண்டரின் திருகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோமதி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள், மூச்சு போதவில்லை. நாவற்பழம் தின்றவள்போல் அவளுடைய உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. அம்பலவாணன் அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். முகமூடியின் உட்புறம்தான் பனித்துக்கொண்டிருந்தது.