தொண்ணூறு டிகிரி

கல்விக் காவலர் மறுபடியும் மல்லாந்து விழுந்தார்.

அவன் பல்லைக் கடித்தான். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை அனுப்பும்போது ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும். மறந்துவிட்டான்.

முழுத் தப்பும் அவனுடையதல்ல. ஒரு மென்பொருளுக்கு மேலே என்றால் ஒரு திசை. இன்னொன்றுக்கு வேறு திசை. இரண்டையும் எழுதியவர்கள் ஒருநாள்கூட ஒரே கடையில் டீ குடித்ததில்லை போலிருக்கிறது. அங்கே நிமிர்ந்து நிற்கிறவர் இங்கே வந்ததும் படுத்துவிடுவார்.

வழக்கமாக இதை யாரும் பார்ப்பதில்லை. தொண்ணூறு என்று தட்டி எண்டரை அழுத்தினால் எப்பேர்ப்பட்ட பெருந்தகையும் அரை நொடியில் எழுந்துவிடுவார்.

இன்று அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள்.

ஒன்றில் அறக்கட்டளைச் செயலாளர். இன்னொன்றில் காவலரின் மனைவி.

திரையில், பன்னிரண்டடி வெண்கலச் சிலையாகித் தான் நிறுவிய கல்லூரியின் வாசலில் நிற்க வேண்டியவர், கட்டம் போட்ட சாம்பல் தரையில் கிடந்தார்.

காவலர் மூன்று மென்பொருள்களில் பிறந்தவர்.

உடம்பு முதலாவதில். கடற்கரையில் ஓடுவதற்கென்றே செய்து வைத்திருந்த வெள்ளைக்கார உடம்பு. நிஜக் காவலர் ஐந்தடி இரண்டங்குலம். தொப்பை உண்டு. சிலைக்குழு கூடித் தொப்பையைத் தீர்மானம் போட்டு நீக்கியது.

வேட்டி சட்டை இரண்டாவதில். எட்டு முறை அவிழ்ந்து விழுந்த பிறகுதான் வேட்டி இடுப்பில் நின்றது. இதைக் குழுவுக்குச் சொல்லவில்லை.

முகம் மூன்றாவதில். களிமண்ணைப் பிசைவதுபோல் பிசையலாம். மாதிரிக்குச் செயலாளர் பதினோரு படங்கள் கொடுத்திருந்தார். பதினொன்றிலும் தாடை வரை மாலை.

வலது கை முன்னால் நீண்டிருக்க வேண்டும் என்றார்கள். எதிர்காலத்தைக் காட்டுகிறாராம். கல்லூரிக்கு எதிரே இருப்பது டயர் கடை. ஒற்றை விரலை நீட்டினால் வேறு யாரோபோல் தெரியும் என்று குழு பயந்ததால், உள்ளங்கை விரிந்தே இருந்தது.

இப்படியாகக் கம்பீரம் வந்துவிட்டது. எல்லோரும் சரி என்றார்கள்.

அந்த அம்மா மட்டும், படம் அனுப்பிய மூன்று முறையும் ஒரே பதில் சொல்லி அனுப்பினார்.

முகம் வரலை.

எது வரவில்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் மூக்கை மாற்றினான். காதைப் பெரிதாக்கினான். கன்னத்தை இறக்கினான், ஏற்றினான்.

முகம் வரலை.

அறக்கட்டளைக்கு இப்போது தலைவர் அவர்தான். அவர் தலையசைக்காமல் கோப்பு வார்ப்படச் சாலைக்குப் போகாது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுத்தாகிவிட்டது. இன்றும் இல்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் செயலாளர் படியேறும்போதே சொல்லிவிட்டார். அவனுடைய மூன்று மாதம் குப்பைக்கூடைக்குப் போகும்.

அந்த நேரம் பார்த்துத்தான் காவலர் படுத்துக்கொண்டார்.

"என்னங்க தம்பி, அய்யாவப் போயிக் கீழ போட்டுட்டீங்க" என்றார் செயலாளர். குரலில் ஒரு கண்டனத் தீர்மானமே இருந்தது.

அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விசைப்பலகைக்குப் போனான். ஒன்பதைத் தட்டினான்.

நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பிப் பார்த்தான். அந்த அம்மா முன்னால் நகர்ந்து, நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

அவர் பார்த்தது முகத்தை அல்ல. கையை.

நிற்கும்போது எதிர்காலத்தைக் காட்டிய கை, படுத்ததும் நேரே மேலே நீண்டிருந்தது. உள்ளங்கை விரிந்து.

அது இப்போது எதையும் காட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

காவலர் கடைசிப் பதினோரு மாதமும் படுக்கையில் இருந்தார். கல்லூரி மலரில் அது இல்லை. ஓய்வில் இருந்தார் என்று ஒரு வரி இருக்கிறது. மலச்சட்டி, புண், கஞ்சி, இரவும் பகலும் ஒரே ஆள். அந்த ஒரே ஆளைப் பற்றியும் மலரில் இல்லை.

அம்மாவின் வலது கை மடியிலிருந்து எழுந்தது, அந்த விரிந்த கையை நோக்கி.

இடது கை தாழ்ந்து, விரல்களை அகட்டிக்கொண்டு, ஒரு பிடரிக்குக் கீழே போவதுபோல் காற்றில் போனது.

பழகிய கைகள். அவருக்குத் தெரியாமலே போயின.

பிறகுதான் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

வரலை என்று சொல்லவில்லை.

அவன் தட்டிய ஒன்பதை அழித்தான்.

சுட்டியை எடுத்தான். காவலரைச் சுற்றி ஒரு நீல வளையம் வந்தது. அதைப் பிடித்து மெல்லத் திருப்பினான்.

ஐந்து டிகிரி.

பத்து.

தலை தரையை விட்டு வந்தது. இருபது. முப்பது. அம்மாவின் இடது கையும் கூடவே உயர்ந்தது.

நாற்பத்தைந்தில் நிறுத்தினான்.

சட்டென்று தூக்கினால் தலை சுற்றும்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். முகம் வந்துவிட்டதா, வார்ப்படக்காரருக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

"இருங்க" என்றார் அந்த அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பத்தான எந்திரிக்கறாரு."