வாசனை சோப்பு

கட்டிலருகே வந்து உட்கார்ந்த ஆளிடம் வாசனை சோப்பு மணத்தது. கெங்கம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் ஆன நாள் முதல் அந்த இடத்தில் உட்காருகிறவன் அவள் புருஷன். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை விட்டதும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவான். பேச்சுக் கொடுத்து அவளை அழவைத்தால் உள்ளேயே விடமாட்டேன் என்று வெள்ளைக்கார டாக்டர் துரைசானி மிரட்டியிருந்ததால் வாயே திறக்கமாட்டான். அவன் பக்கத்தில் இருக்கிறான் என்பதே அவளுக்குத் தெம்பு.

தோல் ஷாப்பில் யாரோ ஒருவன் கையில் கருப்புக் கொப்புளம் வந்து செத்துப்போனதாகக் காலையில்தான் பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டார்கள்.

"யாருங்க நீங்க?"

முக்காலி இன்னும் கிட்டே நகர்ந்தது.

"எங்க ஊட்டுக்காரரு ஏன் வரல? அவருக்கு இன்னா ஆச்சு?"

அந்த ஆள் விசும்பினான்.

கெங்கம்மாள் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, போய்ட்டாரா!"

அலறல் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள்.

"எழுந்திருக்காத! எதுக்கு இப்படிக் கத்தற? உம் புருஷன்தான் உக்காந்திருக்காரு."

"பொய் சொல்லாதீங்கம்மா. அவரு வந்தா எனக்குத் தெரியாதா?"

"அடக் கடவுளே! வார்டெல்லாம் தோல் நாத்தம்னு நான்தான் நேத்து சோப்பு குடுத்து, நல்லா தேச்சுக் குளிச்சிட்டு வரச் சொன்னேன்."

சொல்லிக்கொண்டே, கெங்கம்மாளின் இரண்டு கண்களையும் மூடியிருந்த கட்டு நனைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள்.

கெங்கம்மாள் காற்றில் துழாவி அவன் கையைப் பிடித்தாள். சுண்ணாம்புத் தண்ணீர் அரித்த அதே விரல்கள்.

"கட்டு அவுக்கற வரைக்கும் நீ குளிக்காமலே வாய்யா."